சொன்னால் முடித்துவிடுவார் என்ற பெயர்: புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வேலையில் சேர்ந்த முதல் வருடத்தில் உங்களைப் பற்றி மேலாளருக்கு இருக்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: இவரிடம் ஒரு வேலையைக் கொடுத்துவிட்டு நான் அதை மறந்துவிடலாமா? பட்டம், மதிப்பெண், நேர்காணலில் காட்டிய சாமர்த்தியம் எல்லாம் உள்ளே வருவதற்கு உதவியவை. உள்ளே வந்த பிறகு அவற்றை யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை. “அது என்ன ஆச்சு?” என்று இரண்டு முறை கேட்க வைத்தவரின் பெயர், அடுத்து ஒரு நல்ல வேலை வரும்போது யார் வாயிலும் வராது. சுமாரான திறமையோடு சேர்ந்து, கேட்காமலே தகவல் சொல்லி, சொன்ன நாளில் முடித்துக் கொடுத்தே மேலே போனவர்களை எல்லாத் தொழிலிலும் பார்க்கலாம்.

நேர்மறையாக இருங்கள், ஆர்வத்தோடு இருங்கள், பொறுப்போடு இருங்கள் என்று அறிவுரை சொல்பவர்கள் நிறைய. அதை வைத்துக்கொண்டு திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு என்ன செய்வது என்றுதான் தெரியாது. உங்கள் மனதில் என்ன இருக்கிறது என்று பக்கத்து மேஜைக்காரருக்குத் தெரியப்போவதில்லை. மெயிலுக்கு எப்போது பதில் போடுகிறீர்கள், எடுத்த கருவியைத் திரும்ப எங்கே வைக்கிறீர்கள், தப்பு நடந்தால் முதலில் என்ன பேசுகிறீர்கள், இதையெல்லாம்தான் அவர் பார்க்கிறார். அதனால் இங்கே செய்கைகளைப் பற்றியே பேசுகிறேன். ஒரு வேலை உங்கள் கைக்கு வருவதில் தொடங்கி, முடிந்து கணக்கில் ஏறுவது வரை வரிசையாகப் போகலாம். உதாரணங்கள் பெரும்பாலும் அலுவலகத்திலிருந்து வந்தாலும் பட்டறை, மருத்துவமனை, கிடங்கு, வீட்டிலிருந்தே பார்க்கும் வேலை எதற்கும் கொஞ்சம் மாற்றிப் பொருத்திக்கொள்ளலாம்.

1. முதல் சில வாரம்: பார்ப்பதும் கேட்பதும்

சேர்ந்தவுடன் அசத்திவிட வேண்டும் என்று துடிப்பது இயல்பு. கொஞ்சம் பொறுங்கள். ஒவ்வொரு இடத்துக்கும் எழுதி வைக்காத விதிகள் உண்டு. அவசரம் என்றால் போன் பண்ண வேண்டுமா, மெசேஜ் போதுமா? மேலாளர் காலையில் பேசினால் காது கொடுத்துக் கேட்பாரா, மதியத்துக்கு மேலா? மீட்டிங்கில் நடுவில் கேள்வி கேட்கலாமா, கடைசியில்தான் கேட்க வேண்டுமா? ஃபைலுக்குப் பெயர் வைக்கும் முறை என்ன? பழைய கதையெல்லாம் யாருக்குத் தெரியும்? இவற்றை ஒரு நோட்டில் குறித்துக்கொண்டே வாருங்கள். “எங்க பழைய ஆபீசில் இப்படிச் செய்ய மாட்டோம்” என்ற வாக்கியத்தை மட்டும் மூன்று மாதம் பூட்டி வையுங்கள். நீங்கள் சொல்வது சரியாகவே இருக்கலாம். இப்போதுள்ள முறை ஏன் வந்தது என்று தெரிந்துகொண்டு சொன்னால் கேட்பார்கள்.

நேரத்துக்கு வருவதைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றும் இல்லை. பத்து நிமிடம் முன்னால் வந்துவிடுங்கள். தாமதமாகும் என்று தெரிந்த உடனே, வழியிலிருந்தே, எத்தனை மணிக்கு வந்து சேர்வீர்கள் என்று சொல்லிவிடுங்கள். வந்த பிறகு சொல்லும் காரணத்தை யாரும் ரசிப்பதில்லை.

2. வேலையை வாங்கும் விதம்

புதியவர்கள் செய்யும் தவறுகளில் முக்கால்வாசி, வேலையைச் செய்யும்போது நடப்பதில்லை. வாங்கும்போதே நடந்துவிடுகின்றன.

மேலாளர் நடந்துகொண்டே சொல்கிறார்: “போன காலாண்டு விற்பனையைக் கொஞ்சம் தொகுத்துக் கொடுங்க.” நீங்கள் “சரிங்க மேடம்” என்கிறீர்கள். அவர் போய்விடுகிறார். இப்போது உங்களுக்குத் தெரிந்தது எவ்வளவு? எல்லாக் கிளைகளுமா, ஒன்று மட்டுமா? எக்செல்லா, அச்சடித்த தாளா? இன்றைக்கா, அடுத்த வாரமா? இரண்டு நாள் உட்கார்ந்து இருபது பக்கம் தயார் செய்து கொண்டுபோனால், “ஐயோ, இவ்வளவு வேண்டாம், ஒரு பக்கம் போதுமே” என்பார். உழைப்பும் போச்சு, சொன்னதைப் புரிந்துகொள்ளவில்லை என்ற பேரும் வந்தது.

அதே பேச்சு இப்படிப் போயிருக்கலாம்:

“மேடம், இது யாருக்குப் போகுது?”

“வெள்ளிக்கிழமை இயக்குநர்கள் மீட்டிங் இருக்கே, அதுக்கு.”

“அப்போ ஒரு பக்கத்துல சுருக்கமா இருந்தா போதுமா, இல்ல கிளை வாரியா முழு விவரமும் வேணுமா?”

“ஒரு பக்கம் போதும். திரும்பி வந்த சரக்கைக் கழிச்சிட்டுப் போடுங்க.”

“வியாழன் மதியம் கொடுத்தா நீங்க ஒரு தடவை பார்க்க நேரம் இருக்குமா?”

“புதன் சாயங்காலம் வந்துட்டா நல்லது.”

முழுதாக ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. திரும்பி வந்த சரக்கைக் கழிக்க வேண்டும் என்பது அந்த மேடத்தின் மனதில் முதலிலிருந்தே இருந்தது. நீங்கள் கேட்டதால் வெளியே வந்தது. கெடுவும் வெள்ளியிலிருந்து புதனுக்கு நகர்ந்துவிட்டது. கேட்காதவர் வியாழன் இரவு அனுப்பிவிட்டு, நேரத்துக்குக் கொடுத்துவிட்டோம் என்று நிம்மதியாகத் தூங்கப் போயிருப்பார்.

யாருக்கு, எந்த வடிவில், எவ்வளவு விரிவாக, எப்போதைக்கு. எந்த வேலையை வாங்கினாலும் இந்த நான்கும் தெரியாமல் நகராதீர்கள். இதற்கு முன்னால் யாராவது செய்த மாதிரி இருக்கிறதா என்றும் கேளுங்கள். இருந்தால் பாதி வேலை மிச்சம்.

அப்புறம், இடத்துக்கு வந்ததும் இரண்டு வரி எழுதி அனுப்பிவிடுங்கள்: “மேடம், போன காலாண்டு விற்பனைச் சுருக்கம், ஒரு பக்கம், திரும்பி வந்த சரக்கைக் கழித்து, புதன் மாலை 5 மணிக்குள் அனுப்புகிறேன். எல்லாக் கிளைகளையும் சேர்த்துப் போடுகிறேன்.” கடைசி வாக்கியம் நீங்களாக எடுத்துக்கொண்ட முடிவு. அது தப்பாக இருந்தால் அவர் இப்போதே சொல்லிவிடுவார், புதன் மாலை சொல்ல மாட்டார்.

இப்படி எழுதிச் சரிபார்ப்பது சின்ன விஷயமாகத் தோன்றலாம். நாசா அனுப்பிய மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் என்ற விண்கலம் 1999 செப்டம்பர் 23 அன்று செவ்வாயை நெருங்கும்போது காணாமல் போனது. ஒரு தரப்பின் மென்பொருள் பவுண்டு கணக்கில் எண்களைக் கொடுத்தது. வாங்கிக்கொண்ட தரப்பு அவை நியூட்டன் கணக்கில் இருப்பதாக எடுத்துக்கொண்டது. ஒரு பவுண்டு விசை என்பது ஏறக்குறைய 4.45 நியூட்டன். இரண்டு பக்கமும் கெட்டிக்காரர்கள்தான். எந்த அலகில் என்ற கேள்வி, கேட்க வேண்டிய இடத்தில் கேட்கப்படாமல் போயிற்று.

ஞாபகத்தை நம்ப வேண்டாம். ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் பொருளில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து செய்து பார்த்து, மறதி மிக வேகமாக நடப்பது முதல் ஒரு மணி நேரத்தில்தான் என்று 1885-இல் காட்டினார். மேலாளர் அறைக்குள் போகும்போது கையில் பேனாவும் நோட்டும் இருக்கட்டும். போனில் குறிப்பதிலும் தப்பில்லை. எதிரில் இருப்பவருக்கு மட்டும் நீங்கள் வேறு ஏதோ பார்ப்பதுபோல் தோன்றும், அதனால் “குறிச்சுக்கறேன்” என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

3. கெடு சொல்லும்போது

“எப்ப முடியும்?” என்று கேட்டவுடன் வாயில் வருவது “இன்னைக்கே முடிச்சிடறேன் சார்.” நல்ல பிள்ளை என்று பெயர் எடுக்க ஆசை. மாலை ஆறு மணிக்கு அந்தப் பெயர் போய்விடும்.

நாம் எடுக்கும் நேரத்தை நாமே குறைத்து மதிப்பிடுவது எல்லோருக்கும் உள்ள குணம். டேனியல் கானமன், ஏமோஸ் ட்வெர்ஸ்கி என்ற உளவியலாளர்கள் 1979-இல் இதற்குத் ‘திட்டமிடல் மயக்கம்’ (planning fallacy) என்று பெயரே வைத்தார்கள். ரோஜர் பியூலரும் அவருடைய சகாக்களும் 1994-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் சுவாரஸ்யம். ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம் எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். எல்லாமே கோணலாகப் போனால் எவ்வளவு ஆகும் என்று கேட்டதற்கு ஏறக்குறைய 49 நாள் என்றார்கள். உண்மையில் ஆனது 55 நாளுக்கு மேல். ஆகக் கேடான நிலையை நினைத்துச் சொன்ன கணக்கே பத்தாமல் போயிருக்கிறது.

இதற்கு நான் பார்த்தவரை வேலை செய்யும் ஒரே மருந்து, பழைய கணக்கு. ஒரு நோட்டில் இரண்டு பத்தி போடுங்கள். இடது பக்கம், இந்த வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று நினைத்தீர்கள். வலது பக்கம், உண்மையில் எவ்வளவு ஆனது. ஒரு மாதத்தில் உங்கள் சொந்தக் கணக்கு தெரிந்துவிடும். சிலருக்கு ஒன்றரை மடங்கு, சிலருக்கு இரண்டு. அடுத்த முறை கேட்டால் மனதில் தோன்றும் எண்ணை அதால் பெருக்கிச் சொல்லுங்கள். புத்தம் புது வேலை என்றால் நாள் சொல்லவே வேண்டாம். “ஒரு மணி நேரம் பார்த்துட்டுச் சொல்லட்டுமா?” என்று கேளுங்கள். அதை மறுக்கும் மேலாளர் அபூர்வம்.

ரொம்பத் தாராளமாகவும் சொல்லாதீர்கள். இரண்டு நாள் வேலைக்கு எட்டு நாள் கேட்டு மூன்றாம் நாளே கொடுத்தால் முதல் தடவை சபாஷ் கிடைக்கும். மூன்றாவது தடவை நீங்கள் சொல்லும் நாளை மேலாளர் தானாகவே பாதியாக்கிவிடுவார்.

4. நடுவில் ஒரு வரி

வேலை ஒரு நாளைக்கு மேல் நீடித்தால், கேட்பதற்கு முன்னால் நீங்களே நிலவரம் சொல்லுங்கள். நீளமாக வேண்டாம். “எட்டுக் கிளைகளில் ஆறு முடிந்தது, இரண்டின் விவரம் நாளை காலை வரும், புதன் மாலை என்பதில் மாற்றமில்லை.” இவ்வளவுதான். இந்த ஒரு வரிக்கு ஆகும் நேரம் அரை நிமிடம். மேலாளருடைய தலையிலிருந்து அது இறக்கும் பாரம் அதிகம்.

கெட்ட செய்தி என்றால் இன்னும் சீக்கிரம். புதன் மாலை முடியாது என்று திங்களே தெரிந்துவிட்டால் திங்களே சொல்லுங்கள். திங்கள் சொன்னால் அவர் வேறு ஆளைச் சேர்த்துவிடலாம், மீட்டிங்கைத் தள்ளிப் போடலாம், ஒரு கிளையை விட்டுவிடச் சொல்லலாம். புதன் மாலை சொன்னால் திட்டுவதைத் தவிர அவர் கையில் ஒன்றும் இருக்காது. பலர் “எப்படியும் சமாளிச்சிடலாம்” என்ற நம்பிக்கையிலேயே கடைசி நிமிடம் வரை போய்விடுகிறார்கள். அந்த நம்பிக்கைக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் சங்கடமான ஒரு பேச்சைத் தள்ளிப்போடும் ஆசைதான்.

சொல்வதை உரிய இடத்தில் சொல்வதும் முக்கியம். மேலே சொன்ன விண்கலம் போகும் பாதையில் கணக்கு ஒத்துவரவில்லை என்பதை அதை வழிநடத்தியவர்களில் சிலர் முன்பே கவனித்திருந்தார்கள். ஆனால் கோளாறுகளைப் பதிவு செய்ய இருந்த முறையான வழியில் அது ஏறவில்லை, பேச்சு அளவிலேயே நின்றுவிட்டது. தேநீர் இடைவேளையில் போகிற போக்கில் சொன்னதை எல்லாம் தெரிவித்ததாகக் கணக்கில் வைக்காதீர்கள். பதிவேடு இருந்தால் பதிவேட்டில் எழுதுங்கள், இல்லையென்றால் மெயில்.

5. கொடுப்பதற்கு முன்னால்

முடித்த கையோடு அனுப்பும் ஆசையை அடக்குங்கள். ஒரு பத்து நிமிடம் எழுந்து நடந்துவிட்டு வந்து, வேறொருவர் செய்த வேலையைப் பார்ப்பதுபோல் பாருங்கள். பெயர்கள், தேதிகள், கூட்டுத்தொகை, இணைக்க வேண்டிய ஃபைல், அனுப்ப வேண்டிய ஆள். தப்புகள் பெரும்பாலும் இந்த ஐந்து இடங்களில்தான் ஒளிந்திருக்கும். “இணைப்பில் காண்க” என்று எழுதிவிட்டு இணைப்பே இல்லாமல் வரும் மெயில் உலகம் முழுக்க தினமும் போய்க்கொண்டுதான் இருக்கிறது.

சரிபார்ப்புப் பட்டியல் வைத்துக்கொள்வது திறமை இல்லாதவர்களின் வேலை என்று ஒரு எண்ணம் உண்டு. 1935 அக்டோபர் 30 அன்று போயிங் மாடல் 299 என்ற புதிய குண்டுவீச்சு விமானம் சோதனை ஓட்டத்தில் கிளம்பியதும் விழுந்து நொறுங்கியது. ஓட்டியவர் மிகுந்த அனுபவசாலி. நிறுத்தி வைத்திருக்கும்போது காற்றில் வால், இறக்கைப் பாகங்கள் ஆடாமல் இருக்கப் போடும் பூட்டை, பறக்கும் முன் எடுக்க மறந்திருந்தார்கள். அதன் பிறகுதான் விமானிகளுக்கான எழுத்துப்பூர்வமான பட்டியல் பரவலானது. உலக சுகாதார நிறுவனம் அறுவை சிகிச்சைக்காக 19 அம்சப் பட்டியல் ஒன்றைத் தயாரித்து, எட்டு நகரங்களின் எட்டு மருத்துவமனைகளில் சோதித்தது. 2009-இல் வெளியான முடிவின்படி, அறுவை சிகிச்சைக்குப் பிறகான இறப்பு விகிதம் 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்தது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் பட்டியலைக் கட்டாயமாக்கிய பிறகு நடத்திய ஆய்வில் (2014) சொல்லத்தக்க குறைவு தெரியவில்லை. இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது: கண்ணை மூடிக்கொண்டு டிக் அடிக்கும் பட்டியலால் காகிதம்தான் செலவு.

உங்கள் பட்டியலை நீங்களே தயார் செய்யுங்கள். மேலாளர் ஒவ்வொரு முறை திருத்தும்போதும் அந்தத் திருத்தத்தை ஒரு வரியாகச் சேருங்கள். ஆறு மாதத்தில் அது உங்கள் வேலைக்கென்றே அளவெடுத்த பட்டியலாகிவிடும். பத்துப் பன்னிரண்டு வரிக்கு மேல் போனால், பழகிப்போனவற்றை நீக்குங்கள்.

ஷிஃப்ட் மாறும் வேலைகளில் கொடுப்பது என்றால் கைமாற்றுவது. அடுத்து வருபவரிடம் “எல்லாம் ஓகே” என்று சொல்லிவிட்டு ஓடாதீர்கள். எந்த இயந்திரம் சத்தம் போடுகிறது, எது பாதியில் நிற்கிறது, யாருக்குப் போன் செய்திருக்கிறீர்கள், பதில் வந்ததா என்று எழுதி வைத்துவிட்டு, வாயாலும் சொல்லுங்கள். அவர் திருப்பிச் சொல்லட்டும். எடுத்த ஸ்பேனர் எடுத்த இடத்தில் இருக்க வேண்டும்.

6. தப்பு நடந்துவிட்டால்

நடக்கும். எப்படிச் சொல்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளை ஆராய்ந்து 1996-இல் எழுதினார். நன்றாக இயங்கும் குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். பதிவான தவறுகள் அங்கேதான் அதிகமாக இருந்தன. நல்ல குழுக்களில் தவறைப் பற்றிப் பேசப் பயம் இல்லை, அதனால் வெளியே தெரிந்தது என்பதே அவர் கண்ட விளக்கம். பயம் இருந்த இடங்களில் தவறுகள் மூடி மறைக்கப்பட்டிருந்தன.

சொல்வதற்கு ஒரு வரிசை உண்டு. என்ன நடந்தது, யாருக்குப் பாதிப்பு, நான் இதுவரை என்ன செய்தேன், உங்களிடமிருந்து என்ன வேண்டும். உதாரணமாக: “சார், காலையில் வாடிக்கையாளருக்கு அனுப்பிய விலைப்பட்டியலில் பழைய விலை போய்விட்டது. மொத்தம் மூன்று பேருக்கு. அவர்கள் இன்னும் ஆர்டர் போடவில்லை. திருத்திய பட்டியல் தயாராக இருக்கிறது. நானே அனுப்பிவிடட்டுமா, இல்லை நீங்கள் ஒரு வார்த்தை பேசிவிட்டு அனுப்பலாமா?” இதில் அழுகையும் இல்லை, சாக்கும் இல்லை. “சிஸ்டம் ஸ்லோவா இருந்தது”, “அவர்தான் அந்த ஃபைலைக் கொடுத்தார்” என்பவை உண்மையாகவே இருக்கலாம். அவை இரண்டாவது பேச்சுக்கு உரியவை. முதல் பேச்சில் வந்தால் நீங்கள் தப்பிக்கப் பார்ப்பதாகத்தான் காதில் விழும். ஏன் நடந்தது, இனி நடக்காமல் எதை மாற்றுவது என்பதை நிலைமை அடங்கிய பிறகு நீங்களாகவே கொண்டுபோய்ச் சொல்லுங்கள்.

மறைத்து வைத்த தப்பு வெளிவரும்போது, பேச்சு அந்தத் தப்பைப் பற்றி இருக்காது. உங்களைப் பற்றி இருக்கும்.

7. குறை சொன்னால்

முகம் சிவக்கும், பதில் நாக்கு நுனியில் நிற்கும். மூன்று நொடி விடுங்கள். பிறகு கேட்க வேண்டியது விளக்கம்: “எந்த இடம் சரியில்லைன்னு ஒண்ணு ரெண்டு காட்ட முடியுமா?” “நீங்க எழுதறது தெளிவா இல்ல” என்பதை வைத்து எதையும் மாற்ற முடியாது. “முதல் பத்தியிலேயே முடிவைச் சொல்லுங்க, காரணம் அப்புறம்” என்பதை வைத்து நாளைக்கே மாற்றலாம். அந்த இரண்டாவது வாக்கியத்தை அவர் வாயிலிருந்து வரவழைப்பது உங்கள் வேலை.

அடுத்த வாரம் அதைச் செய்துவிட்டு, “நீங்க சொன்ன மாதிரி மாத்தியிருக்கேன், இப்ப சரியா இருக்கா?” என்று காட்டுங்கள். இதைச் செய்பவர்கள் மிகக் குறைவு. அதனாலேயே மேலாளர்கள் பலர் திருத்துவதை நிறுத்திக்கொள்கிறார்கள். யாரும் உங்களைத் திருத்துவதில்லை என்றால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எல்லாக் குறையும் நியாயமானதும் இல்லை. கோபத்தில் வந்தவை, ஆள் பார்த்து வந்தவை உண்டு. விஷயத்தை மட்டும் பிரித்து எடுத்துக்கொள்ளுங்கள். எடுக்க ஒன்றும் இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

8. கேள்வி கேட்பது

கேட்காமல் மூன்று மணி நேரம் முட்டி மோதுபவர் ஒரு பக்கம், இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை பக்கத்து சீட்டைத் தட்டுபவர் இன்னொரு பக்கம். நடுவில் ஒரு வழக்கம் வைத்துக்கொள்ளலாம். இருபது நிமிடம் நீங்களே தேடுங்கள், பழைய ஃபைலைப் பாருங்கள். கிடைக்கவில்லையா, தயங்காமல் கேளுங்கள். கேட்கும்போது எதை எல்லாம் பார்த்தீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவசரமில்லாத கேள்விகளைச் சேர்த்து வைத்து ஒரே தடவையில் கேட்டால் எதிராளியின் நேரமும் மிச்சம். பதிலை எழுதிக்கொள்ளுங்கள். ஒரே கேள்வியை இரண்டாம் முறை கேட்பதுதான் எரிச்சல் மூட்டும்.

பாதுகாப்பு சம்பந்தப்பட்டது என்றால் இந்த இருபது நிமிடக் கணக்கு கிடையாது. மின்சாரம், மருந்து, உயரத்தில் ஏறும் வேலை, ஓடும் இயந்திரம் என்றால் தொடுவதற்கு முன்னால் கேளுங்கள்.

9. கவனமும் போனும்

போனைத் தூர வையுங்கள் என்று எல்லோரும் சொல்லியாயிற்று. குளோரியா மார்க் குழுவினரின் 2008 ஆய்வில், இடையூறுகளோடு வேலை செய்தவர்கள் இன்னும் வேகமாகவே முடித்தார்கள். கூடவே மன அழுத்தமும் எரிச்சலும் அதிகமாக இருந்தன. ஆகவே “எனக்கு ஒரே நேரத்தில் நாலு வேலை பார்க்க வரும்” என்று சொல்பவர் பொய் சொல்வதாக நான் நினைக்கவில்லை. மாலையில் அவர் எந்த நிலைமையில் வீட்டுக்குப் போகிறார் என்பதுதான் கேள்வி. கஷ்டமான வேலைக்கு நாளில் ஒரு மணி நேரம் ஒதுக்கி, நோட்டிஃபிகேஷனை அணைத்துவிட்டு உட்காருங்கள். ஒரு மணி நேரம் மலைப்பாக இருந்தால் பிரான்செஸ்கோ சிரில்லோ பிரபலமாக்கிய 25 நிமிட முறை உதவும்: 25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு. மற்ற நேரத்தில் மெசேஜுக்குப் பதில் போட்டால் யாரும் கோபிக்கப்போவதில்லை.

10. முடியாது என்று சொல்வது, மற்றவர்களோடு பழகுவது

எல்லாவற்றுக்கும் சரி சொன்னால் நல்ல பெயர் வரும் என்று நினைத்துக் கையில் ஏழு வேலையை வைத்துக்கொண்டு எதையும் முடிக்காமல் நிற்பது புதியவர்களுக்கு நேரும் பெரிய விபத்து. நேராக “முடியாது” என்று சொல்லத் தேவையில்லை. கையில் இருப்பதைக் காட்டுங்கள்: “சார், இப்ப இந்த ரெண்டும் வெள்ளிக்குள்ள முடிக்கணும். இதையும் எடுத்துக்கறேன், எதைத் தள்ளி வைக்கலாம்னு சொல்லுங்க.” முன்னுரிமை முடிவு செய்வது அவருடைய வேலை. அதை நீங்கள் சுமக்க வேண்டாம்.

சக ஊழியர்களைப் பற்றி இரண்டே விஷயம். யாராவது உதவினால், மேலாளர் இருக்கும் இடத்தில் அவர் பெயரைச் சொல்லுங்கள். அது உங்கள் பங்கைக் குறைக்காது. இன்னொன்று, இல்லாதவரைப் பற்றிய பேச்சில் சேராதீர்கள். எழுந்து போகவும் வேண்டாம், உபதேசமும் வேண்டாம், பேச்சை மாற்றினால் போதும். காவலாளி, துப்புரவுப் பணியாளர், வரவேற்பில் இருப்பவர் ஆகியோரிடம் நீங்கள் பேசும் தொனியை எல்லோரும் கவனிக்கிறார்கள் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

11. இதையெல்லாம் பழக்கமாக்குவது எப்படி

இவ்வளவையும் படித்துவிட்டு நாளையிலிருந்து எல்லாம் என்று கிளம்பினால் வியாழக்கிழமை எல்லாம் நின்றுவிடும். ஒன்றை எடுங்கள்.

21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்று சொல்வார்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலியும் சகாக்களும் 96 பேரை வைத்து ஆராய்ந்து 2010-இல் வெளியிட்டதில், ஒரு செய்கை தன்னால் வரும் அளவுக்குப் பழக நடுமட்டமாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாளிலேயே வந்தது, சிலருக்கு 254 நாள் வரை ஆகும் என்று கணக்கு காட்டியது. அதில் ஆறுதலான ஒன்று, நடுவில் ஒரு நாள் தவறியதால் பெரிய நஷ்டம் இல்லை. நேற்று விட்டுப்போனதை நினைத்து இன்றையதையும் விடுவதுதான் ஆபத்து.

பீட்டர் கோல்விட்ஸர் என்ற உளவியலாளர் காட்டிய வழி எளிமையானது. “இனி ஒழுங்காக நிலவரம் சொல்வேன்” என்று பொதுவாக உறுதி எடுக்காமல், “இது நடந்தால் இதைச் செய்வேன்” என்று கட்டிவைப்பது. கம்ப்யூட்டரை அணைக்கப் போகும்போது நாளைக்கான மூன்று வேலையை எழுதுவேன். மேலாளர் அறையிலிருந்து வெளியே வந்ததும் இரண்டு வரி மெயில் போடுவேன். அனுப்பு பட்டனில் கை வைக்கும்போது பட்டியலைப் பார்ப்பேன். ஏற்கெனவே தினமும் நடக்கும் ஒன்றோடு புதியதை முடிச்சுப் போடுவதால் ஞாபகப்படுத்த யாரும் வேண்டாம்.

எதில் தொடங்குவது என்று கேட்டால், வேலையை வாங்கியதும் எழுதி அனுப்பும் அந்த இரண்டு வரிதான் என் தேர்வு. பலன் முதல் வாரத்திலேயே கண்ணில் படும். அது கைக்கு வந்த பிறகு நிலவரம் சொல்வது, பிறகு சரிபார்ப்பது. நேரக் கணக்கு நோட்டு அதற்கும் பிறகு.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. நல்ல பழக்கம் மோசமான இடத்தைச் சரி செய்யாது. தினமும் அவமானப்படுத்தும் மேலாளர், சம்பளம் தராமல் இழுக்கும் நிறுவனம், பொய்க் கணக்கு எழுதச் சொல்லும் முதலாளி, இவர்கள் முன்னால் உங்கள் சரிபார்ப்புப் பட்டியலுக்கு வேலை இல்லை. அங்கே பொறுமை காட்டுவதை நல்ல மனப்பான்மை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வேறு வேலை தேடுங்கள். பழக்கங்கள் கூடவே வரும்.

12. செய்ததை எழுதி வையுங்கள்

வருட முடிவில் அப்ரைசல் படிவத்தை நிரப்பும்போது பலருக்கும் கடைசி இரண்டு மாதம்தான் ஞாபகம் இருக்கும். மேலாளருக்கும் அப்படித்தான். வெள்ளிக்கிழமை கிளம்பும் முன் ஐந்து நிமிடம் ஒதுக்கி, அந்த வாரம் முடித்த வேலை, அதனால் என்ன மாறியது, யார் என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள். “அறிக்கைகள் தயாரித்தேன்” என்று எழுதுவதால் பயனில்லை. “மூன்று நாள் ஆன மாத அறிக்கை இப்போது ஒரு நாளில் முடிகிறது” என்று எழுதுங்கள். புதிதாக என்ன கற்றீர்கள், எங்கே மாட்டிக்கொண்டீர்கள் என்பதும் ஒரு வரி. சம்பள உயர்வு கேட்கும்போதும் அடுத்த வேலைக்கு விண்ணப்பம் எழுதும்போதும் இந்தக் குறிப்புதான் கை கொடுக்கும். அலுவலகக் கணினியில் மட்டும் வைத்தால் வேலையை விடும் நாளில் அது கையில் இருக்காது என்பதால் உங்கள் சொந்த நோட்டில் எழுதுங்கள். வாடிக்கையாளர் பெயர், விலை, கடவுச்சொல் போன்ற நிறுவனத்துக்குச் சொந்தமான விவரம் எதையும் அதில் சேர்க்காதீர்கள்.